வாயைப் பிளந்த பாலம்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லையென்றால் பாதியில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தப் பெருமையை உங்களுக்கு எதற்குக் கொடுப்பது? ரயிலேறித் தன்னிடம் வரவேண்டிய மனைவிக்கு, அந்த ரயில் கடக்கவேண்டிய பாலம் இரண்டாகப் பிளந்து நிற்கிற படத்தை ஆசையாக அனுப்பிவைத்தவன் நான்.

அறுபத்துநாலாம் வருஷத்துப் பெரும்புயலுக்கு முந்திய வருஷங்கள் அவை. மனைவி பிரசவத்துக்காகக் கடலாடிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில், எனக்குப் பாம்பன் தீவில், அக்காள்மடத்தில் ஒரு கருவாட்டு மண்டியில் வேலை கிடைத்தது. பெண் குழந்தை. ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன், அது தூங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் தீவுக்கு அனுப்புவதாக மாமனார் சொல்லியிருந்தார். அந்த ஐந்தாம் மாதம் வருவதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ரயில் சத்தம் கேட்கும். கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடுவேன். அவள் அதில் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியவேண்டுமே.

கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். ராமநாதபுரம் ஸ்டூடியோவில் படங்களைக் கழுவி வாங்கி, பின்பக்கம் நாலு வரி எழுதி அவளுக்கு அனுப்புவேன். நான் குடியிருந்த ஓலை வீடு. கூரைமேல் காக்கை. காய்கிற நெத்திலியும் அதற்குக் காவலாக நானும். நானே வைத்த குழம்பைக்கூட எடுத்தேன். சட்டியும் கறுப்பு, சுவரும் கறுப்பு, படம் முழுக்கக் கறுப்பு. ‘இதுதான் என் சமையல்’ என்று எழுதி அனுப்பினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

ஒரு நாள் பாம்பன் கரையில் நின்றபோது, கப்பல் போவதற்காகப் பாலத்தைத் திறந்தார்கள். நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, தண்டவாளத்தோடு வானத்தைப் பார்த்து எழும்பும். கப்பல் போனதும் பழையபடி படுத்துக்கொள்ளும். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான் கேமராவைத் தூக்குவதற்குள் கப்பல் போய்விட்டது. பாலம் மட்டும் பிளந்தபடி நின்றது. அதை எடுத்தேன். பின்பக்கம் எழுதினேன்: ‘பார், நம் பாலம் இரண்டாய்ப் பிளந்து எனக்குக் கும்பிடு போடுகிறது!’

மாமனார் அதற்கு முன் ஒரே தடவை தீவுக்கு வந்தவர். பாலம் வந்ததும் கண்ணை இறுக மூடிச் சாமி பேரைச் சொல்ல ஆரம்பித்து, அக்கரையில்தான் திறந்தார். அவரிடமிருந்து கார்டு வந்தது: ‘பாலம் முறிந்து கிடக்கும் படம் கண்டு மிகவும் விசனம். சரிசெய்த பின் பெண்ணை அனுப்புகிறோம்.’

அன்றே பாம்பனுக்கு ஓடினேன். மூடிய பாலத்தை எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: ‘முறிவதற்கு முன் எடுத்த படமும் பார்த்தோம். நல்ல பாலமாகத்தான் இருந்திருக்கிறது.’ துக்க வீட்டுக்கு எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தார்.

எது முந்தி, எது பிந்தி என்று போட்டோ சொல்லாது அல்லவா! ராத்தூக்கம் கெட்டு ஒரு யோசனை செய்தேன். பிளந்த பாலத்தின் படத்தை இன்னொரு பிரதி போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு மூடிய பாலத்தின் முன் நின்றால், எது பிந்தி என்று சந்தேகமே வராது. ரயில் பாலத்தில் வரும்போது முதலில் ரயிலை எடுத்தேன். பிறகு கேமராவை வழிப்போக்கர் ஒருவர் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் நின்றேன். நடுவில் பிலிம் சுருளைத் திருக மறந்துவிட்டேன். இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, ரயில் என் இடது காதில் நுழைந்து வலது காதில் வெளியேறியது. வேறு படமெடுக்கும் பொறுமை யாருக்கு இருந்தது? அதையே அனுப்பினேன். பதிலே வரவில்லை.

ஐந்தாம் மாதம் முடியப்போகிறது. மண்டியில் சொல்லிக்கொள்ளாமல் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மாமனார் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் காதுகளைத்தான் முதலில் பார்த்தார்.

“வாங்க மாப்ள. எப்பிடி வந்தீக?”

“ரயில்லதான் மாமா.”

“பாலம்?”

“நல்லா இருக்கு மாமா. கப்பல் போறதுக்கு நடுவுல தொறப்பாக. போனதும் மூடிருவாக. கதவு மாதிரி.”

“கடலுக்கு நடுவுல கதவு.”

“ஆமா மாமா.”

“தண்டவாளமும் சேந்து தூக்குமாக்கும்?”

“தூக்கும்.”

“யாரு தூக்குறது?”

“ஆளுகதான். கையாலயே சுத்தித் தூக்குவாக.”

அவர் மிளகாய் கிளறிக்கொண்டிருந்த ஆளின் பக்கம் திரும்பினார். “ஏலே, கேட்டியா? ரயில் பாலத்தக் கையால தூக்குறாகளாம். எங்க மாப்ளைக்கு எப்பவும் தமாசுதான்.”

வாழ்நாளில் நான் சொன்ன ஆயிரம் பொய்க்கும் சிரிக்காத மனிதர், ஒரே ஒரு உண்மைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மிளகாய் நெடியா ஆத்திரமா தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது.

“பாலம் ஒடஞ்சிருந்தா நான் எப்பிடி மாமா இங்கன நிப்பேன்?”

“தோணியில வந்திருப்பீக. மீன் வாடை அடிக்குதுல்ல.”

நான் கருவாட்டு மண்டிக்காரன். சட்டையை மோந்து பார்த்தேன். அடிக்கத்தான் செய்தது.

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் தகரப் பெட்டி. பெட்டியை வாசற்படியில் வைத்தாள்.

“அய்யா, நாங்க கெளம்புறோம்.”

“ஏம்மா, இவுக சொல்றத நம்புறியா?”

“பொய்யின்னா இவுக இதவிட நல்லாச் சொல்லுவாகய்யா.”

மாமனார் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி மிளகாயைக் கிளறப் போய்விட்டார்.

பிள்ளை விழித்திருந்தது. முதல்முறையாக என்னை உற்றுப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மதிய பஸ்ஸை விட்டால் ரயிலும் போய்விடும் என்பதுகூட மறந்துபோய், கேமராவைக் கழற்றினேன்.

“அங்கனயே நில்லு! பிள்ளையோட ஒரே ஒரு போட்டோ!”

“பொட்டியத் தூக்குங்க மொதல்ல.”