பிழையில்லாத செய்தி

ஒரு முழ நீளக் காகிதத் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்து முடித்ததும், பிழை பார்ப்பதற்காக முதலில் எடுக்கும் நகல். புரூப் என்பார்கள். மேலே, ‘குற்றாலத்தில் ஆசிரியையின் துணிச்சல்’ என்று தலைப்பு. கீழே பதினோரு வரி. நடுவில் ஒரு பெயருக்கு அடியில் நீலப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள், ஓரத்தில் அதே பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அதை ஒட்டிப் பேனா மையில், அவசர அவசரமாக, ‘சரி’ என்று எழுதியிருக்கிறது. அந்தச் ‘சரி’ நான் எழுதியது. பெயருக்கு உரியவரை இங்கே டீச்சர் என்று மட்டும் சொல்கிறேன்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வீடு தென்காசியில். எங்கள் தமிழ் விரிவுரையாளர், ஆசைப்பட்ட பதினான்கு பேருக்கு இதழியல் வகுப்பு நடத்தினார். பாடப் புத்தகமெல்லாம் கிடையாது. பழைய பேப்பர்க் கட்டுதான் பாடம். யார், எது, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஆறு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, “பேரும் ஊரும் இல்லாதது செய்தி இல்லை, வம்பு” என்பார். அதை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, திருநெல்வேலியில் உள்ள ஒரு தினசரியின் அலுவலகத்தைப் பார்க்கப் போவதாக ஏற்பாடாயிற்று. ஆளுக்கு ஒரு செய்தி எழுதி வர வேண்டும், தேறினால் அச்சாகும் என்றார். அச்சாகும் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காய்ச்சல் என்று விடுதி வார்டனுக்கு ஒரு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் குற்றாலத்தில் போய் நின்றேன். சீசன் நேரம், அங்கே செய்திக்கா பஞ்சம்?

பஞ்சம்தான். பதினோரு மணி வரை நான் கண்டதெல்லாம் எண்ணெய் வழியும் முதுகுகள். சாரலில் நோட்டு நனைந்து, சிவப்பு மை அடுத்த பக்கத்துக்கு இறங்கியிருந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது மலைமேல் மழை பிடித்து, பேரருவியில் தண்ணீர் சட்டென்று கூடியது. பெண்கள் குளிக்கும் பக்கம் ஒரே கூக்குரல். ஐந்தாறு வயதுப் பெண்குழந்தை ஒன்று பாசியில் வழுக்கித் தண்ணீரோடு போனது. எல்லாரும் பின்வாங்கிய அந்த நேரத்தில் ஒரு பெண் பாறையில் குப்புற விழுந்து, ஒரு கையால் தடுப்புக் கம்பியையும் மறு கையால் குழந்தையின் பாவாடையையும் பிடித்துக்கொண்டார். ஆட்கள் ஓடிவந்து தூக்கும்வரை இரண்டையும் விடவில்லை. குழந்தையின் தாய் கடையநல்லூரிலிருந்து வந்தவர். காப்பாற்றியவரின் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண்தான் டீச்சர். கடைகளுக்கு முன்னால், ஈரத் தலையோடு ஒரு மதில்மேல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் குத்தியிருந்தது, கைக்குட்டையால் சுற்றியிருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருப்பார். கூட வந்திருந்தவர்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அவரோடு படித்த மூன்று தோழிகள். நோட்டும் பேனாவுமாக நான் போய் நின்றதும் அவர்களுக்குக் குஷி பிறந்துவிட்டது. “ஏட்டி, பேப்பர்ல வரப் போறே. தலையச் சீவிக்கோ” என்றாள் ஒருத்தி. “போட்டோ மிஷின வீட்டுல வச்சிட்டு வந்துட்டியளோ தம்பி?” என்றாள் இன்னொருத்தி. நான் கேட்கக் கேட்க, பெயர், இலஞ்சியில் வீடு, வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை என்று எல்லாவற்றையும் அவர்களே ஒப்பித்தார்கள். டீச்சர் தடுக்கப் பார்த்தார். பிறகு எழுந்து என்னைத் தனியே அழைத்தார்.

“பேரு மட்டும் வேண்டாம் தம்பி. காய்ச்சல்னு லீவு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். வேல இன்னும் நிரந்தரம் ஆகல. எங்க ஸ்கூல் மேனேஜருக்குத் தெரிஞ்சா நிப்பாட்டிருவாரு. வீட்டுல என் சம்பளம் மட்டுந்தான்.”

“சரி டீச்சர்” என்றேன். சொன்னபோது அதை மனதாரத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடுதியில் உட்கார்ந்து இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ‘ஓர் ஆசிரியை’ என்று எழுதியது சப்பென்று இருந்தது. பெயர் போட்டது உயிரோடு எழுந்து நின்றது. நல்ல காரியத்தைத்தானே எழுதுகிறோம், பாராட்டுகிற செய்தியைப் பார்த்து எந்த மேனேஜர் கோபப்படுவார், பெருமைதானே படுவார் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். வழக்கிலும் நானே ஜெயித்தேன்.

அந்த அலுவலகத்தில் நுழைந்ததும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. சுவரோரம் எழுத்துப் பெட்டிகள். கோப்பவரின் விரல்கள் கண்ணுக்கு முன்னால் ஓடின, ஆனால் எந்த அறையிலிருந்து எந்த எழுத்தை எடுக்கிறார் என்று தொடர முடியவில்லை. பதினான்கு பேரின் செய்திகளைப் புரட்டிய உதவி ஆசிரியர் என்னுடையதை மட்டும் தனியே எடுத்து உள்ளே அனுப்பினார். எங்கள் விரிவுரையாளர் என் தோளில் கை வைத்தார். நான் எழுதியது ஈய எழுத்தாகத் தலைகீழாகக் கிடந்ததைப் பார்த்தேன். மை தடவிக் காகிதத்தை அழுத்தி எடுத்ததும் அது நிமிர்ந்து வந்தது. உதவி ஆசிரியர் அதைப் படித்தார். பெயரின்மேல் நீலப் பென்சில் நின்றது.

“ஏலே தம்பி, இந்தப் பிள்ள பேரப் போடுறதுல ஒண்ணும் தகராறு வராதுல்லா? பொம்பளப் பிள்ள, அதான் கேக்கேன். வேண்டாம்னா இப்பமே சொல்லு. ஒரு வரிய மாத்தணும், அம்புட்டுதான்.”

பதிமூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரிவுரையாளரும் பார்த்தார். நான் பேனாவை எடுத்து எழுதினேன். அச்சு முடிந்ததும், ஞாபகமாக வைத்துக்கொள் என்று அந்தப் புரூப்பை என்னிடமே கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. திங்களன்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டினார்கள். விடுதி வார்டன் என்னை அழைத்து, காய்ச்சலுக்குக் குற்றாலத்து வைத்தியம் பார்த்தாயாக்கும் என்று கேட்டுச் சிரித்துவிட்டு அனுப்பினார். அத்தோடு என் காய்ச்சல் தீர்ந்தது.

அடுத்த ஞாயிறு ஊருக்கு வந்து, அந்தப் பேப்பரின் மூன்று பிரதிகளோடு சைக்கிளில் இலஞ்சிக்குப் போனேன். டீச்சர் சந்தோஷப்படுவார், கொஞ்சம் கோபித்துக்கொண்டாலும் முடிவில் சந்தோஷம்தான் படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். வாசலில் அவர் அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். டீச்சர் வெளியே வந்தார். என் கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளாமல், நடந்ததைச் சொன்னார்.

அவர்கள் பள்ளியில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு மாணவன் முன்னால் வந்து பேப்பர் வாசிப்பது வழக்கமாம். திங்கட்கிழமை அன்று, முந்தின நாள் பேப்பரில் தங்கள் டீச்சரின் பெயரைப் பார்த்துவிட்ட ஆனந்தத்தில் அவன் உலகச் செய்தி அத்தனையையும் விட்டுவிட்டு அதையே முதலில் வாசித்திருக்கிறான். டீச்சர் மற்ற ஆசிரியர்களோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மேனேஜரும் தட்டினார். ‘வியாழக்கிழமை’ என்ற சொல் வந்ததும் அவர் கை மட்டும் நின்றது. மத்தியானத்துக்குள் வேலை போய்விட்டது.

மறுப்புச் செய்தி போடச் சொல்கிறேன், அது நீங்கள் இல்லை, வேறு யாரோ என்று நானே எழுதிக் கொடுக்கிறேன் என்று உளறினேன். அவர் என்னை நிறுத்தினார்.

“உங்க எழுத்துல ஒரு பிழை இல்ல தம்பி. பேரு, ஊரு, கெழம எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. லீவு லெட்டர்தான் பொய். அந்தப் பிள்ளைய நான் இழுத்தது நெசம். அதையும் இல்லன்னு போடப் போறீங்களா?”

நான் பேப்பர்களைச் சுருட்டிக்கொண்டேன். “வெயிலேறுறதுக்குள்ள போங்க” என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் திரும்பி வருவது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மேனேஜருக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. பொங்கலுக்கு ஊர் வந்தபோது மறுபடி இலஞ்சிக்குப் போனேன், வீடு பூட்டியிருந்தது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஏதோ எஸ்டேட் பள்ளியில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த எஸ்டேட் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போது நானே ஒரு பத்திரிகையில் நீலப் பென்சில் பிடிக்கிறேன். செய்தி கொண்டுவருகிறவர்களிடம் அதே கேள்வியைக் கேட்கிறேன். கேட்டதும் வருகிற பதிலை நம்புவதில்லை. அன்று அந்த உதவி ஆசிரியரும் கேட்கத்தான் செய்தார். அவர் நம்பியது என்னை.

புரூப்பை எட்டாக மடித்துப் பர்சில் வைத்திருந்தேன். பிரித்துப் பிரித்து மடித்ததில், மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் இற்று, டீச்சரின் பெயர் உதிர்ந்துபோய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஓர் ஓட்டைதான். ஓரத்தில் கேள்விக்குறியும், பக்கத்தில் என் ‘சரி’யும் அப்படியே இருக்கின்றன.