சூசையப்பரின் பேரும் வெள்ளவத்தைச் சம்பந்தமும்

கலியாணம் பேசுகிற தொழிலில், உயிரோடு இருக்கிற இரண்டு பேரைச் சம்மதிக்க வைப்பது பெரிய வேலையே இல்லை. செத்துப்போன அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரைச் சம்மதிக்க வைப்பதற்குள்தான் சீவன் போய்விடும். பிள்ளையைப் பெற்று, வளர்த்து, வரன் தேடிக் களைத்துப்போயிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் இருப்பது கொட்டாஞ்சேனையில். பெரும்பாலும் கத்தோலிக்கச் சம்பந்தங்கள் பேசுவேன். நல்ல இடமாக இருந்தால் சைவ ஆட்களுக்கும் பேசுவேன். ஸ்ரெல்லா என்கிற என்னைத் தெரியாத மாடி பிளற்ஸ் வெள்ளவத்தையில் இல்லை. காவலுக்கு இருக்கிற மல்லிமார், அந்தச் சிங்களத் தம்பிமார்கூட "ஆயெத் கசாதயக்த, அக்கே?" என்று, இன்னொரு கலியாணமோ என்று கேட்டுக்கொண்டுதான் கேற்றைத் திறப்பார்கள்.

முந்தி மாறினவர்கள்

ஹெவ்லொக் டவுனில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர். மகளுக்கு மாப்பிள்ளை வேண்டும், ஆனால் குடும்பம் பரம்பரைக் கத்தோலிக்கமாக இருக்க வேண்டும் என்றார். பரம்பரை என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், வந்த காலத்தில் இருந்து என்றார். நான் கொண்டுபோன மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. என்ன குறை என்றால், அவனுடைய பூட்டனார் பிறகு வந்த வெள்ளைக்காரன் காலத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றவராம். அதைக் கேட்டதும் மனிதருக்கு முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல ஆகிவிட்டது.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. "பறங்கியர் வந்து இறங்குமட்டும் உங்கடை ஆக்களும் கந்தசாமிக்குக் காவடி எடுத்தவைதானே, ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மிகவும் கௌரவமாகச் சொன்னார்: "எடுத்திருப்பினம், மிஸிஸ். ஆனா நாங்கள் முந்தியே இறக்கி வைச்சிட்டம்."

பெட்டையில் குறையில்லை

போன வருடம் என் நித்திரையைக் கெடுத்தது ஜெனிற்றாவின் சம்பந்தம். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் வீடு. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தம் சோதிக்கிற வேலை. அவளுடைய தாய் மேர்சி யாழ்ப்பாணத்தாள். ஜெனிற்றாவைப் பெற்ற தகப்பன், கலியாணம் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே வெளிநாட்டுக்குப் போனவர்தான்; பிறகு ஆளும் இல்லை, பேச்சும் இல்லை. குழந்தை தவழ்கிற பருவத்தில் மேர்சியைக் கட்டியவர் செல்வராசா. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறார். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த சைவ ஆள், கலியாணத்துக்காக எங்கள் கத்தோலிக்க வேதத்துக்கு வந்தவர்.

மேர்சி இதில் எதையும் ஒளிப்பதில்லை. நானும் போகிற இடத்தில் முதல் நாளே சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே பல இடம் நழுவிவிட்டது. கடைசியாக வெள்ளவத்தை ரோஸ்மேரியின் மகன் அன்ரனைப் பேசினேன். "அன்ரி, இதுவும் சரிவராட்டி விடுங்கோ. இனி ஒருத்தருக்கு முன்னாலையும் சீலை கட்டிக்கொண்டு வந்து நிக்கமாட்டன்" என்று ஜெனிற்றா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ரோஸ்மேரி முதலில் பெருந்தன்மையாகத்தான் இருந்தாள். அன்ரனுக்கும் பெண்ணை நன்றாகப் பிடித்திருந்தது. பிறகு கனடாவில் இருக்கிற ரோஸ்மேரியின் தங்கச்சி விசாரிக்கத் தொடங்கினாள். ஊரை விட்டுப் போனவர்கள்தான் ஊரை அதிகம் விசாரிப்பார்கள், அது உங்களுக்கும் தெரியும். எங்களில் கலியாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்பு வாசிப்பார்கள்: இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னாரை மணமுடிக்கப் போகிறார் என்று. தங்கச்சி அதிலே கொண்டுபோய் முடிச்சைப் போட்டுவிட்டாள். ரோஸ்மேரி எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள்: "பெட்டையில ஒரு குறையும் இல்லை, ஸ்ரெல்லாக்கா. ஆனா எங்கடை பெடியன்ரை பேரை வாசிச்சுப்போட்டு, அவளை ஆரின்ரை மகள் எண்டு வாசிக்கிறது?"

கிருலப்பனைக் கேள்வி

இந்தக் கவலையோடு வேறொரு அலுவலாகக் கிருலப்பனைக்குப் போனேன். அங்கே சிவலிங்கம் என்று ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர், தன் மகனுக்குப் பெண் பார்க்கிறார். சைவப் பழம், ஆனால் எங்கள் வேதத்தையும் புரட்டிப் பார்த்தவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். பேர் சொல்லாமல் கதையைச் சொன்னேன்.

"உங்கடை ஆண்டவர்ரை கதையே ஆர் ஆரைப் பெத்தது எண்டுதானே தொடங்குது?" என்றார். ஓம் என்று விளக்கினேன். மெசியா, அதாவது வரப்போகிற மீட்பர், தாவீது அரசருடைய வழியில்தான் வருவார் என்பது வாக்கு. ஆனபடியால் ஒருவரை மெசியா என்று சொன்னால், யாருடைய மகன் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குத்தான் நற்செய்தியின் முதல் பக்கத்திலேயே ஆபிரகாமில் பிடித்து, தாவீதைத் தொட்டு, மாதாவின் கணவர் சூசையப்பர் வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. மாஸ்ரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப அவரையும் விசாரிச்சுத்தான் எடுத்திருக்கிறியள்!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சூசையப்பர் பெத்த தேப்பன் இல்லையெண்டும் சொல்லுறியள். பிறகு அவரின்ரை பாட்டன் தாவீது எப்பிடி அந்தப் பிள்ளைக்குப் பாட்டன் ஆவார்?" என்று கேட்டார்.

இத்தனை வருடமாகக் கோயிலுக்குப் போகிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வருகிற வழியில், மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு நின்ற எங்கள் பங்குச் சுவாமியாரைப் பிடித்துக் கேட்டேன். அவர் அவசரமாக எங்கோ சாகக் கிடக்கிற ஒருவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போகிறார். ஹெல்மெட்டுக்குள் இருந்து பதில் வந்தது: "பிள்ளைக்குப் பேர் வைக்கச் சொல்லி வானத்திலையிருந்து வந்த சம்மனசு ஆரிட்டைச் சொன்னது? சூசையப்பரிட்டைத்தானே! பேர் வைச்சு ஏற்றுக்கொண்டவர்தான் தேப்பன், அன்ரி."

எந்தப் புரோக்கரும் காட்டாத வம்சம்

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை ஒரு புரோக்கரின் கண்ணோடு வாசித்தேன். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு குடும்ப விபரத்தோடு நான் வாசற்படி ஏறியிருந்தால் செருப்போடு துரத்தியிருப்பார்கள். தாமார் பிள்ளை பெற்றது மாமனாருக்கு. இராகாபு எரிக்கோவில் என்ன தொழில் செய்தாள் என்பது ஊரறிந்தது. நானாக இருந்தால் "வாற போற ஆக்களுக்கு விடுதி நடத்தினவ" என்று சமாளித்திருப்பேன். ரூத்து வேறு நாடு, வேறு சாமி, போதாததற்கு விதவை. சாலமோனின் தாயைப் பேர் சொல்லாமல், உரியாவின் மனைவி என்று எழுதி, தாவீது ஊரான் மனைவியை எடுத்த கதையையும் சந்திக்கு இழுத்து விட்டிருக்கிறது.

எழுதினவருக்கு மறைக்கத் தெரியாமல் இல்லை. ஆண்களின் பேராக அடுக்கிக்கொண்டு போனவர், இந்தப் பெண்களை மட்டும் வேண்டுமென்றே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மெசியாவின் குடும்பத்துக்குள் வர இவர்கள் எல்லோருக்கும் இடம் இருந்திருக்கிறது. எங்கள் ஜெனிற்றாவுக்கு வெள்ளவத்தையில் ஒரு பிளற்றுக்குள் வர இடமில்லை.

அந்தச் சூட்டோடு பஸ் ஏறி ரோஸ்மேரியிடம் போனேன். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவள், கட்டாயம் விளங்கும் என்று நம்பினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். ரூத்து தாவீதின் பாட்டி என்று நான் சொன்னபோது, "பாட்டி இல்லை, பூட்டி" என்று திருத்தக்கூடச் செய்தாள். அன்ரன் அறைக்குள் இருந்தான். பெண்ணுக்காகத் தாயோடு கோபித்து ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்தானாம். அடுத்த நேரம் சாப்பிட்டானாம். நான் சொல்லி முடித்ததும் ரோஸ்மேரி எழுந்து, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து சொன்னாள்: "அது வேதம், ஸ்ரெல்லாக்கா. இது வெள்ளவத்தை."

பேரை எடுத்துவிடலாம்

செய்தி எப்படியோ செல்வராசாவின் காதுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிறு பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், நுனியில் இருந்தார். புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று பழகினவருக்கு உட்காருவதும் ஒரு சங்கடம்.

"அக்கா, என் பேருதான் இடைஞ்சல்னா அத எடுத்துருங்க," என்றார். "மேர்சியோட அண்ணன் யாழ்ப்பாணத்துல பிரின்சிபலா இருந்தவரு. அவரு பேர வாசிக்கச் சொல்லுங்க. கோயில்ல கைபுடிச்சுக் கூட்டிட்டுப் போறதும் அவரே செய்யட்டும். நான் பின்னால ஒக்காந்து பார்த்துக்கிறேன். புள்ள கல்யாணம் நடந்தா போதுங்க." சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன மனிதர், காய்ச்சல் வந்தால் கட்டிலடியில் குந்தியிருந்த மனிதர், பின்வாங்கில் இடம் கேட்கிறார். எனக்கு ரோஸ்மேரி மேலும் கோபம், கனடா மேலும் கோபம், பல்லைக் காட்டிக்கொண்டு திரிகிற என் தொழில் மேலும் கோபம்.

தகப்பனைத் தேடிக்கொண்டு வந்த ஜெனிற்றா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். உள்ளே வந்து அவருடைய குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். வழக்கமாக நான் இரண்டு பக்கத்துப் பேச்சையும் சீனி பூசித்தான் கொண்டுபோவேன். அன்றைக்கு அவள் சொன்னதை மட்டும் ஒரு சொல் குறைக்காமல் ரோஸ்மேரிக்குப் போனில் சொன்னேன்: "அப்பான்ரை பேர் வாசிக்கேல்லையெண்டா, என்ரை பேரும் வாசிக்கத் தேவையில்லை."

வெறும் வயிறு

அதற்குப் பிறகு ரோஸ்மேரி சம்பந்தத்தை முறித்துக்கொள்ள முடிவெடுத்தாள். நல்ல குடும்பத்து ஆள், அதைப் போனில் சொல்ல விரும்பவில்லை. முகத்துக்கு நேரே சொல்லுவதுதான் மரியாதை என்று, கிறிஸ்மசுக்கு முந்தைய வாரம் காலைப் பூசை முடிந்த கையோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். கொலைக்களத்துக்குப் போகிற ஆடு போல நானும் பின்னால் போனேன்.

மேர்சி வெளியே போயிருந்தாள். தகப்பனும் மகளும் முன்னறையில் பாலன் குடில் கட்டிக்கொண்டு சண்டை பிடிக்கிறார்கள். நட்சத்திரம் இடப்பக்கம் வர வேண்டும் என்று அவர், வலப்பக்கம் என்று இவள். இரண்டு பேர் தோளிலும் கயிற்றுத் துண்டு. இரண்டு பேரும் கண்ணாடியைக் கழற்றி, உடுப்பு நுனியில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "அப்படியா?" என்று ஒரே மாதிரி இழுக்கிறார்கள். எங்களைக் கண்டதும் ஜெனிற்றாவின் முகம் வெளிறியது. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள்.

ரோஸ்மேரி தொண்டையைச் செருமினாள். செல்வராசா கையைக் காட்டித் தடுத்தார். "மொதல்ல டீ குடிங்கம்மா. எந்தச் சேதியும் வெறும் வயித்துல சொல்லக்கூடாது." குசினிக்குள் இருந்தவளுக்கு இது கேட்டிருக்க வழியில்லை, தண்ணீர் கொதித்துக் கேத்தில் கூவிக்கொண்டிருந்தது. அவள் தட்டோடு வந்து, ரோஸ்மேரியின் முன்னால் வைத்துவிட்டு, "முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ, அன்ரி. வெறும் வயித்தோடை ஒண்டும் கதைக்கப்படாது" என்றாள். ரோஸ்மேரி அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். தேத்தண்ணியைக் குடித்தாள், கேக்கும் இரண்டு துண்டு சாப்பிட்டாள். பிறகு வாய் சும்மா இராமல், நட்சத்திரம் நடுவில் வருவதுதான் சரி என்று மறைக்கல்வி ஆசிரியையாகத் தீர்ப்புச் சொன்னாள். உடனே தகப்பனும் மகளும் சண்டையை விட்டுவிட்டு, ஒன்றாகச் சேர்ந்து, தலையை ஒரே பக்கம் சாய்த்து அவளை முறைத்தார்கள்.

சொல்ல வந்ததைச் சொல்லாமலே ரோஸ்மேரி எழுந்துவிட்டாள். ஒழுங்கை முகப்பில் நான் ஓட்டோவுக்குக் கை காட்டினேன். ஓட்டோவில் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்குள் சிரித்தபடி அவள் சொன்னாள்: "அந்தப் பெட்டை தேப்பனையெல்லே உரிச்சு வைச்சிருக்கு, ஸ்ரெல்லாக்கா!"

தை மாதம் மூன்று ஞாயிறும் "செல்வராசா, மேர்சி தம்பதிகளின் மகள்" என்று கோயிலில் வாசித்தார்கள். தாவீதின் வம்சத்தைப் பேர் வைத்தே பிள்ளைக்குக் கொடுத்த சூசையப்பர் என்ற ஒரு தச்சரைக் காலங்காலமாகக் கும்பிட்டு வருகிற எங்களுக்கு, அந்தக் காரியத்தைப் புடவைக் கடைக்காரர் ஒருவரும் செய்யலாம் என்று விளங்க இரண்டு துண்டு கேக் தேவைப்பட்டது.