விண்கலத்துச் சமையல்காரனும் நம் பட்டறைக் கத்தியும்

பிள்ளைகளே, விண்கலத்தில் நடக்கும் அந்தச் சிரிப்புத் தொடரில் எனக்குப் பிடித்த பாகம் உங்களுக்கும் தெரியும். சமையல்காரன் அடித்ததில் டிரைவர் மண்டை உடைந்து செத்துப்போவான். அவனைக் காப்பாற்றக் கேப்டன் துணி துவைக்கும் மிஷினுக்குள் ஏறி, சண்டைக்கு முந்தின நிமிஷத்துக்குத் திரும்பிப் போவார். கரண்டியைப் பிடுங்குவார், சமையல்காரன் வாணலியை எடுப்பான். மறுபடி போய் வாணலியை ஒளிப்பார். அவன் குக்கரைத் தூக்குவான். அந்த இடம் வந்ததும் டிவி சத்தத்தை நான் ஏன் குறைக்கிறேன் என்று கேட்டீர்கள்.

அதை முதலில் பார்த்தது தாராவியில், நம் தோல் பட்டறையில். மதியச் சாப்பாட்டு நேரம். நான், உங்கள் பெரியப்பா, மாமா, மூன்று பேர். குக்கர் பறந்தபோது வாய்விட்டுச் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டே பெரியப்பா, மாமா காலையில் வெட்டிய பெல்ட் வார் ஒன்றை இழுத்துப் பார்த்தார். அது ரப்பராக நீண்டது. பெல்ட்டுக்கு முதுகுத் தோலில்தான் வெட்ட வேண்டும். வயிற்றுத் தோல் நிற்காது.

"என்ன மாப்ள, வயித்துல வெட்டி வச்சிருக்க? மால் பூரா போச்சுல்லா!"

"வெளிச்சம் இல்ல அத்தான். பல்ப மாத்தும்னு எத்தன தடவ சொல்லுதேன்?"

"ஒங்க அக்கா மொகத்துக்காகத்தாம்ல ஒன்ன வச்சிருக்கேன். வேற எவன் ஒன்ன சேப்பான்?"

"சும்மா காலி பீலி கத்தாதீரும். தம்பி ஒழைப்புல உக்காந்து திங்குத ஆளுக்கு வாயப் பாரு!"

பெரியப்பா கையிலிருந்த வாரைச் சுழற்றி மாமாவின் முகத்தில் விளாசினார். மாமா மரச் சுத்தியலை எடுத்துப் பெரியப்பாவின் மூக்கில் போட்டார். சட்டையெல்லாம் ரத்தம். நான் பாய்ந்து வாரைப் பிடுங்கினேன். பெரியப்பா தோல் வெட்டும் கத்தியை எடுத்தார்.

முதல் வீச்சிலேயே மாமாவின் முன்கை பிளந்தது. மாமா தோல் கட்டின் மேல் மல்லாக்க விழுந்தார். பெரியப்பா அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்துக்கு நேரே கத்தியை ஓங்கினார். பின்னாலிருந்து நான் கட்டிப் பிடித்தேன். பெரியப்பாவின் முழங்கை இடித்து என் பல் ஒன்று தெறித்தது. உங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பி, என் கண்ணெதிரே சாகப்போகிறான். டிவியில் சிரிப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

நம் பட்டறையில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் சண்டை வருமாம். கேட்டால் பலகையில் வைப்போம், கேட்டவர் எடுத்துக்கொள்வார். அது எப்படித் தோன்றியதோ, தினமும் கேட்கிற அதே குரலில் சொன்னேன்:

"அண்ணே, கத்தி."

பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓங்கிய கை தானாக இறங்கிக் கத்தியைப் பக்கத்துப் பலகையில் வைத்தது. எடுத்து வெளியே சாக்கடையில் எறிந்தேன். வெறுங்கையைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா கேவிக் கேவி அழுதார்.

மாமாவின் கையில் தையல் போட்டார்கள். அவர் தாராவியை விட்டே மான்குர்த்துக்குக் குடிபோனார். பெரியப்பா இருக்கும் இடத்துக்கு வரவேயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார், நீங்கள் கூப்பிட்டதால். தர்ப்பூசணியைப் பெரியப்பாவின் முன்னால் வைத்துவிட்டு, "கத்தி எங்க அத்தான்?" என்றார். பெரியப்பா கத்தியைத் தரையில் வைத்துக் கையை எடுத்துக்கொண்டார். மாமா அதை எடுத்தார், பழத்தை வெட்டி, முதல் துண்டைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தார்.