அச்சுக்கு வராத நீலம்

திரையில் பார்த்ததைத் தாளில் கேட்பார்கள், தாளில் கொடுத்தால் திரையைக் காட்டுவார்கள். அச்சகத்தில் டிசைனர் வேலை என்பது இவ்வளவுதான். மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு முதலாளி ஒரு புதுக் கம்ப்யூட்டர் திரை வாங்கினார். லென்ஸ் வைத்துத் தேடினாலும் புள்ளி தெரியாது. எழுத்தெல்லாம் அச்சடித்த தாள் மாதிரியே கூர்மையாக நிற்கும். "இனிமே சாம்பிள் பிரிண்ட் எதுக்கு? இதுலயே காட்டி ஓகே வாங்கிடு" என்றார். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்கள் மேலே படிக்கலாம்.

மயில்கழுத்து

கிங்ஸ் சர்க்கிளில் புடவைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, தீபாவளி கேட்டலாக் போட வந்தார். அட்டையில் மயில்கழுத்து நிறப் பட்டு. திரையில் அந்த நீலம் ஜொலித்தது. மறுநாள் மனைவியையும் கூட்டிவந்து காட்டினார். அச்சாகி வந்ததைப் பார்க்கவும் இருவரும் வந்தார்கள். அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போனது. "ஏம்மா இப்படிச் செத்துப்போச்சு?"

திரை வெளிச்சத்தால் வரைகிறது, நாங்கள் மையால் அடிக்கிறோம், அந்த நீலம் மையில் வராது என்று சொல்லிப் பார்த்தேன். நம்பாமல் கடைக்கு ஆள் அனுப்பி அந்தப் புடவையையே வரவழைத்தார். தாளின் பக்கத்தில் விரித்தோம். புடவை தாளைப் போலத்தான் இருந்தது. பொய் சொன்னது திரை. அண்ணாச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனைவி புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நேத்து வரைக்கும் இது நல்லாத்தான் இருந்துச்சு."

கொம்பு

செம்பூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை. மணப்பெண் பெயர் செல்வி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. திரையில் நான் காட்டியபோது எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. சாம்பிள் எடுக்காமல் மெஷினுக்கு அனுப்பினோம். மெஷினில் இருந்த மென்பொருளுக்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை. 'செ'வின் கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுவிட்டது. செல்வியே வந்து கட்டுகளை வாங்கிப் பார்த்து, "சூப்பர்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அவள் அப்பா வந்தார். தாராவியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். சத்தம் போடவில்லை. மகள் பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டினார். எல்லாவற்றையும் புதிதாக அடித்துத் தருகிறோம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "இங்க உள்ளவங்களுக்கு இதே போதும்மா. படிக்கத் தெரிஞ்சவுகல்லாம் ஊர்லதான் இருக்காவ, அங்கதான் மொதல்ல கொடுத்து அனுப்பிட்டோம்."

வடு

பேச்சிமுத்து அண்ணன் தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறவர். மனைவி இறந்து ஒரு வருஷம். வீட்டில் மாட்டப் பெரிய படம் வேண்டும் என்று மகளின் போனிலிருந்த போட்டோவைக் கொடுத்தார். திரையில் பெரிதாக்கினேன். அந்த அம்மாவின் தாடையில் மெல்லிய வடு ஒன்று தெரிந்தது. அழித்துவிடவா என்று கேட்டேன். "தொடாதீங்கம்மா. இட்லிக் கொப்பரை ஆவி பட்டது. கல்யாணமான புதுசுல" என்றார்.

தாளில் அந்த வடு வரவில்லை. மை கொஞ்சம் பரவும். அவ்வளவு மெல்லிய கோடு அதற்குள் மூழ்கிவிடும். அழுத்தம் கூட்டி அடித்தால் அழுக்குப் பட்டது போல் இருந்தது. காகிதத்தை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. கடைசியில் அவரே, "விடுங்கம்மா" என்று படத்தைக் கட்டி எடுத்துப்போனார்.

இப்போதும் வியாபாரம் முடிந்து திரும்பும்போது சில நாள் காலி டப்பாக்களோடு வாசலில் நிற்பார். நான் கைவேலையை நிறுத்திவிட்டு அந்தப் படத்தைத் திறப்பேன். போன வாரம் மகள் தேடிவந்து, "அதான் வீட்லயே மாட்டியிருக்கேப்பா" என்றாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அது யாரோ. உங்கம்மா இங்கதான் இருக்கா."

திரைக்கும் குறையில்லை, தாளுக்கும் குறையில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று 'மன்னிச்சிருங்க' சொல்கிற எங்கள் முகம்தான் எதிலும் சரியாக விழுவதில்லை.