வலது கீழ்மூலை

தொகியே ஹமாசாக்கிக்குப் படத்தில் விழுகிற முகம் இல்லை என்பது ஒசாகாவில், தைஷோ பேட்டை புகைப்படக் கிளப்பில், எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். தொகியேயும் ஒத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு புத்தாண்டுக் கூட்டத்திலும் தலைவர் இனோகுச்சி குழுப்படம் எடுப்பார். மற்றவர்கள் எல்லாம் லட்சணமாக உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் ஒரு வருஷம் வாய் நிறைய மோச்சிக் கொழுக்கட்டையோடு இருப்பாள், இன்னொரு வருஷம் தும்மிக்கொண்டிருப்பாள், மற்றொரு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செத்தவள் போல இருப்பாள். ஆறு வருஷமாக இதே கதை. அவளே தன் முகத்தைச் சொல்லிச் சிரித்துக்கொள்வாள். சிரிக்காமல் என்ன செய்வது, கூட்டத்தில் ஒரே பெண் அவள்தான்.

அவள் முடிதிருத்துபவள். கால்வாயைக் கடந்து கடைக்குப் போக இலவசப் படகு. சைக்கிளோடு, மீன் கூடையோடு, தூக்கக் கலக்கத்தோடு அதில் ஏறுகிற ஜனங்களைத்தான் தினமும் காலையில் படம் எடுப்பாள். சின்னப் படகு. அவளிடம் இருந்த லென்ஸில் நாலு பேர் சேர்ந்து விழவேண்டுமென்றால் அவள் பின்னால் போகவேண்டும், இன்னும் ஓரடி போனால் தண்ணீர்தான். அதனால் இந்த வருஷம் அகல லென்ஸ் ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டாள்.

முடிவு அவளுடையது. அகல லென்ஸில் பெரிசு, சின்னது என்று இரண்டு ரகம்; அதில் எது என்கிற முடிவைத் தலைவர் எடுத்துக்கொண்டார். முகச் சவரத்துக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தபடியே தீர்ப்பு சொன்னார்.

"பெரிசை வாங்கும்மா. இருட்டுலயும் எடுக்கலாம்."

"நான் இருட்டுல எடுக்கிறதில்லையே, தலைவரே. படகுல வெயில் நல்லாத்தானே அடிக்குது."

"கிளப்புல எல்லார்கிட்டயும் பெரிசுதான் இருக்கு. மூடியைக் கழட்டாம ஒரு ரோல் பூரா எடுத்த ஆளு நீ. உனக்கு லென்ஸைப் பத்தி என்ன தெரியும்?"

அது உண்மைதான். கிளப்பில் எல்லாரும் வைத்திருந்த வகை கேமராவில் கண் பார்க்கிற ஜன்னல் தனி, லென்ஸ் தனி. லென்ஸ் மூடிக் கிடந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். எல்லாரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்கிற தப்பு அது. ஆனால் தொகியே செய்தது மட்டும்தான் வருஷக்கணக்கில் பேசப்பட்டது.

"சின்னதை வாங்கிட்டு வந்தே, வசந்தக் கண்காட்சியில சுவர்ல உனக்கு இடம் கிடையாது, சொல்லிட்டேன்" என்று சிரித்தார் இனோகுச்சி. அந்தச் சிரிப்புக்குள் கண்டிப்பு இருந்தது. படகு ஜனங்களை அந்தச் சுவரில் ஏற்றவேண்டும் என்பதுதான் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய ஆசை. அது அவருக்குத் தெரியும்.

"தாடையைத் தூக்குங்க" என்றாள் தொகியே, கத்தியைத் தீட்டியபடி.

பழைய கேமராக் கடையில் கடைக்காரர் தனிமுரா இரண்டையும் எடுத்து மெத்தென்ற துணிமேல் வைத்தார். "ரெண்டும் இருபத்தெட்டு மில்லிமீட்டர்தான். ஒரே அகலம். பெரிசுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான் வித்தியாசம். இனோகுச்சி சான் போன் பண்ணாரு, பெரிசை உங்களுக்குன்னு எடுத்து வைக்கச் சொன்னாரு."

அவள் பெரிசை மாட்டி, ஜன்னலில் கண் வைத்தாள். கடை முழுக்கத் தெரிந்தது. வலது கீழ்மூலையில் மட்டும் கறுப்பாக ஏதோ குந்தியிருந்தது.

"இது என்ன, மூலையில கறுப்பா?"

"லென்ஸோட தலைதான். பெரிசில்லையா, ஜன்னலை மறைக்குது. கவலைப்படாதீங்க, படத்துல எல்லாம் விழுந்துடும். எடுக்கிறவருக்குத்தான் அந்த மூலை தெரியாது."

"அங்க ஒரு ஆள் உக்காந்திருந்தா?"

"உக்காந்திருப்பாங்க. என்ன பண்றாங்கன்னு தெரியாது. அதெல்லாம் பழகிடும்."

"யாருக்கு?"

தனிமுரா துணியின் ஓரத்தை நீவிவிட்டார்.

தொகியே கேமராவை இறக்கவில்லை. பெண், குள்ளம், கடைசியாகச் சேர்ந்தவள் என்று மூன்று காரணம் சொல்லி, ஆறு வருஷமும் அவளை முன்வரிசையில், எடுக்கிறவருக்கு வலதுகைக் கோடியில் உட்காரவைத்திருந்தார்கள். மற்றவர்கள் வாயைத் துடைத்துக்கொள்ளும்வரை, கண்ணைத் திறக்கும்வரை இனோகுச்சி காத்திருப்பார். இவளுக்கு யாரும் காத்திருந்ததில்லை. அந்த மனுஷன் தன் பெரிசு மறைத்த மூலையைப் பார்க்காமலே பொத்தானை அழுத்தியிருக்கிறார், இவளோ முகத்தைத் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது.

சின்னதை மாட்டிப் பார்த்தாள். நாலு மூலையும் தெரிந்தன.

"இதைக் குடுங்க."

"அப்போ பெரிசை என்ன பண்றது?"

"போன் பண்ணவருக்கே வித்துடுங்க. அவர்கிட்ட ஒண்ணு இருக்கு, ரெண்டாவதையும் வச்சுக்கட்டும்."

புத்தாண்டுக் கூட்டத்தில் அவள் கழுத்தில் சின்னது தொங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். யாரோ "மூடியைக் கழட்டியாச்சா?" என்றார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். இனோகுச்சி சிரிக்கவில்லை.

"சுவர்ல இடம் கிடையாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்துல காலியாத்தான் கிடக்கு. அங்க மாட்டிக்கறேன். வர்றவங்க எல்லாரும் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் வந்துதானே ஆகணும்?"

தலைவர் பேச்சை முறித்து எல்லாரையும் உட்காரச் சொன்னார். தொகியே வழக்கமான கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். அவர் கேமராவில் கண் வைத்ததும் கையை நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"தலைவரே, எத்தனை விரல்?"

"என்னம்மா விளையாட்டு?"

"ஜன்னல்லேருந்து கண்ணை எடுக்காம சொல்லுங்க. எத்தனை விரல் காட்டறேன்?"

அவர் கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்தார். "மூணு."

அவள் காட்டிக்கொண்டிருந்தது மூடிய முஷ்டி. முதலில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. அவளைத் தவிர அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரிடமும் அதே பெரிசுதான் இருந்தது.

"ஆறு வருஷம் என் மூஞ்சியைச் சொல்லி எல்லாரும் சிரிச்சீங்க. நானும் கூடவே சிரிச்சேன். இனிமே சிரிக்க மாட்டேன்" என்று தொகியே எழுந்தாள். "இன்னைக்குப் படம் நான் எடுக்கறேன். நீங்க இங்க வந்து உக்காருங்க."

"படம் எடுக்கிறது தலைவர் வேலை."

"அப்போ நான் இல்லாம எடுத்துக்குங்க. நான் போறேன்."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். கடைசியில் இனோகுச்சி முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தக் கோடியில் உட்கார்ந்தார். ஆள் தோற்கிற ரகம் இல்லை. படம் கெட்டால் கெடட்டும் என்று கண் இரண்டையும் இறுக்க மூடிக்கொண்டார்.

தொகியே ஜன்னலில் கண்ணை வைத்தாள். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பின்வரிசையில் ஒருவர் கால் மாற்றினார்.

"எடுத்துத் தொலையேம்மா" என்றார் இனோகுச்சி, கண்ணைத் திறக்காமல்.

"எனக்கு அந்த மூலை தெரியுது, தலைவரே. நீங்க கண்ணைத் திறக்கிறவரைக்கும் எடுக்க மாட்டேன்."