ஏழாவது ஆள்

என் அக்கா புருஷன் தையல்காரர். அத்தான் ஒரு தேதி சொன்னால் சொன்னதுதான். அந்த நாளில் சட்டை இஸ்திரி போட்டுத் தயாராகத் தொங்கும். கரண்ட் பில் கட்டுவதிலும் அவர்தான் முதல் ஆள். சபையில் காணிக்கைத் தட்டு எடுப்பவர். "செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டாத்தான் ஜெபத்துல முட்டி போட முடியும்" என்று சொல்லிச் சொல்லியே எங்களைக் கொன்றுவிடுவார். ஒரே குறை, கோபம் மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதற்கு மட்டும் தேதி கிடையாது.

கடையில் நாங்கள் மூன்று பேர். அத்தான் வெட்டுவார், தைப்பார். நான் வாசல் மேசையில் பில் எழுதுவேன். காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் ஜன்னலோரம் உட்காரும் ஓர் அக்கா. எல்லோருக்கும் அவர் காஜாக்கா. அத்தானைவிட எட்டு வயது மூத்தவர். அத்தானுக்கு மட்டும் அவர் 'இந்தாம்மா'.

ஒரு புதன்கிழமை மாலை, டாக்டர் கோட்டுக்குக் கொடுத்த துணியில் அரை மீட்டரைக் காணவில்லை. கடை நிறைய ஆட்கள். அத்தான் மேசையைப் புரட்டினார், அலமாரியைப் புரட்டினார், கடைசியில் காஜாக்காவின் பையைப் பார்த்தார்.

"இந்தாம்மா, பையைக் காட்டு."

"என் பை எதுக்கு மாஸ்டர்?"

"காட்டேன். மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?"

சொல்லிக்கொண்டே அவரே பையை எடுத்துக் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, கால் உடைந்து நூல் சுற்றிய பழைய கண்ணாடி, மாத்திரை அட்டை, ஒரு கைக்குட்டை. துணி இல்லை. "அப்ப நேத்தே வீட்டுக்குப் போயிருக்கும்" என்றார். கடை கப்சிப். நான் ஏற்கெனவே போட்ட பில்லை மறுபடி கூட்டிக்கொண்டிருந்தேன்.

காஜாக்கா சாமான்களைப் பொறுக்கிப் பையில் வைத்தார். கையிலிருந்த சட்டைக்கு இன்னும் இரண்டு காஜா பாக்கி. உட்கார்ந்து அதை முடித்து, நூலைக் கடித்து, சட்டையை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை துணி கிடைத்தது. அளவுக்கு வெட்டிய காகிதங்கள் தொங்கும் ஆணியில், இரண்டு காகிதத்துக்கு நடுவே, அத்தானே குண்டூசி குத்தி மாட்டியிருந்தார். "நான் மாட்டினதுதான்" என்றார், அவ்வளவுதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அத்தானுக்குக் கையே குறுகுறுத்தது. அன்று மட்டும் மூன்று ஊசி உடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனை. "வரி கட்டாட்டா நோட்டீஸ் வரும்" என்றார் போதகர். "அடுத்தவருக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுக்காட்டா எந்த நோட்டீசும் வராது. அதனாலதான் நாம அதைக் கடன்னே நினைக்கறதில்ல." எல்லோரும் திருவிருந்து வாங்கப் பீடத்துக்குப் போனபோது அத்தான் எழுந்திருக்கவில்லை. அக்கா முழங்கையால் இடித்தாள்.

"அந்தம்மா மனசை நோகடிச்சுட்டு அங்க போய் எப்படிக் கை நீட்டுவேன்?" என்று முணுமுணுத்தார். நான் போய் என் பங்கு அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கி உட்கொண்டுவிட்டு வந்தேன்.

ஆராதனை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு நேராகக் காஜாக்கா வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. இருந்த ஒரே நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார் காஜாக்கா. அத்தான் உட்காரவில்லை.

"அக்கா, துணி கிடைச்சிடுச்சு. தப்பு முழுக்க என்மேலதான். மன்னிச்சிடுங்க."

அவர் வாயிலிருந்து 'அக்கா' வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

"மன்னிச்சாச்சு மாஸ்டர். ஆனா நீங்க பையைக் கொட்டினப்ப ஏழு பேர் பாத்தாங்க. ஒருத்தர் வாயைத் திறக்கல. இங்க நாலு சுவருக்குள்ள வந்து சொல்றீங்க."

அத்தானுக்கு முகம் செத்துப்போனது. மறுநாளே பில் புத்தகத்தைப் புரட்டினார். புதன்கிழமை மாலை வந்தவர்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து, காஜாக்கா எடுக்கவில்லை, தப்பு தன்னுடையது என்று சொன்னார். "அட, அதை நான் மறந்தே போயிட்டேன்" என்றார் ஒரு பேங்க்காரர். "நீங்க மறந்திருப்பீங்க சார். அவங்க மறக்கலையே" என்றார் அத்தான். ஒரு டீச்சர், "ஐயையோ, நான் எங்க தெருவுல ரெண்டு வீட்ல சொல்லிட்டேனே" என்று கையை உதறினார். அத்தான் அந்த இரண்டு வீட்டுக் கதவையும் போய்த் தட்டினார். இரண்டாவது வாரம் காஜாக்கா வேலைக்கு வந்தார். அத்தான் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

ஆனால் புத்தகத்தில் ஆறு பேர்தான் இருந்தார்கள். எத்தனை முறை எண்ணினாலும் ஆறுதான்.

"யாராவது வழி கேக்க வந்தவங்களா இருக்கும். அவங்களை எங்க போய்த் தேடுவேன்?" என்று அத்தான் புலம்ப ஆரம்பித்தார். சாப்பாடு இறங்கவில்லை. அக்கா என்னிடம் வந்து அழுதாள். ஒரு மத்தியானம் அவர் நூல் வாங்கப் போன நேரம் பார்த்து, நானே காஜாக்காவிடம் போனேன்.

"அக்கா, அந்த ஏழாவது ஆள் யாரு? அடையாளம் ஏதாவது ஞாபகம் இருக்கா? அத்தான் தவியாத் தவிக்கிறாரு."

காஜாக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"நீதாம்மா" என்றார்.

ஒன்பது வருடம் அவருக்கு எதிரே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவள் நான். அவர் எப்படிப்பட்டவர் என்று அந்த ஆறு பேருக்கும் தெரியாது. கோபத்தில் அத்தானுக்கும் அது மறந்துபோனது. காஜாக்கா எடுத்திருக்க மாட்டார் என்பது எனக்கு மட்டும், பையைக் கவிழ்த்த அந்த நிமிடமே தெரியும்.