மாதாவுக்கு நேர்ந்த சேவல்

நோய் வருத்தம் வந்து என் வீட்டு வளவுக் கோழிகள் ஒவ்வொன்றாகத் தூங்கி விழுந்தன. மஞ்சளும் வெங்காயமும் அரைத்து வாயில் தீத்தியும் பலனில்லை. பேட்டுக் கோழிகள் பிழைத்தால் சேவலை மடுக் கோயில் மாதாவுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன். கடைசியில் பேடுகள் எல்லாம் செத்து, சேவல் மட்டும் மிஞ்சியது. பனையடியில் குழி வெட்டிப் புதைத்தபோது மாதாவோடு வாய்விட்டே சண்டை பிடித்தேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார். "நேர்த்தி பலிக்கேல்லைத்தானே, இனி அதைக் கொடுக்கத் தேவையில்லை. அடிச்சுக் கறி வையுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனிசன் செத்து, கீரி ஊர்ச் சேமக்காலையில் கிடக்கிறார், பிள்ளைகள் கனடாவில்.

"அக்கா, இந்த வீட்டில நான் கூப்பிட்டா வாறது இப்ப அது ஒண்டுதான்" என்றேன்.